வாயில்லா ஜீவனுக்கு எதை ஊட்டுவது?

உயிர்களுக்கு உணவிடுவது புண்ணியம் என்பதில் தமிழ்நாட்டுச் சமயங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பசுவுக்கு ஒரு வாய் கொடுப்பதை எல்லோராலும் இயலும் அறமாகத் திருமந்திரம் சொல்கிறது. இடுகிறவரின் மனம் நிறைந்தால் மட்டும் போதுமா, உண்கிற உடலுக்கும் அது ஒத்துக்கொள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அமாவாசையன்று மதுரையில் பசுவுக்கு அகத்திக்கீரைக் கட்டு வாங்கிக் கொடுப்பார்கள். இது பொருத்தமான வழக்கம். அகத்தி புரதம் மிகுந்த தழை. மாட்டின் வயிறும் தழைக்கென்றே அமைந்தது. மாட்டுப் பொங்கலன்று தாம்பாளம் நிறைய ஊட்டும் சர்க்கரைப் பொங்கலின் கதை வேறு. மாட்டின் பெருவயிற்றில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கின்றன. வெந்த அரிசியும் வெல்லமும் அங்கே அளவு மீறிச் சேர்ந்தால் விரைவில் புளித்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது; அந்த நுண்ணுயிர்கள் மடிகின்றன. மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும். உடனே வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரே போகலாம். அழகர்கோயில் மலையடிவாரத்தில் குரங்குக்கு நீட்டும் பிஸ்கட்டும் இப்படித்தான்: இலையும் காயும் பூச்சியும் தேடித் தின்ற விலங்கைச் சாலையோரத்தில் கையேந்த வைக்கிறது.

அன்போடு கொடுத்தால் எதுவும் ஏற்கப்படும் என்பவர்கள் கண்ணப்பரைச் சான்று காட்டுவார்கள். தான் சுவைத்துப் பார்த்த இறைச்சியை அவர் படைத்தார், காளத்தியப்பர் ஏற்றார். ஆனால் ஏற்றவர் இறைவன். அவருக்குச் செரிக்க வேண்டிய குடல் இல்லை. பசுவுக்கு உண்டு. தெய்வத்துக்குப் படைக்கும் நெறியை விலங்குக்கு அப்படியே பொருத்துவதில்தான் பிழை தொடங்குகிறது. கீழக்குயில்குடியிலும் யானைமலையிலும் தவமிருந்த சமணர்களின் தத்துவம் இதில் கண்டிப்பானது: கவனக்குறைவால் விளையும் துன்பமும் அவர்களுக்கு இம்சையே.

மதுரையின் சொந்தப் புராணத்திலேயே இதற்குத் தெளிவான விடை கிடைக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், பாண்டியனின் வேட்டையில் தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகள் பசியால் துடிக்கின்றன. மதுரையில் உறையும் சிவனான சோமசுந்தரர் நினைத்திருந்தால் தேவாமிர்தமே வந்திருக்கும். அவரோ தாய்ப்பன்றியாகவே வந்து மடி கொடுத்தார். அந்தப் பாலைக் குடித்த குட்டிகளே அறிவும் வலிமையும் பெற்றுப் பின்னாளில் பாண்டியனுக்கு அமைச்சர்களாயின. மதுரைப் புதுமண்டபத் தூணில் இந்தக் காட்சி சிற்பமாகவும் இருக்கிறது. பசித்த உயிரின் உடல் எதைக் கேட்கிறதோ அந்த நிலைக்குக் கொடுப்பவரே இறங்கி வருவதுதான் கருணை என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் கதை சைவத்தில் அரிது.

புராணம் அறியாத விலங்குக்கும் இது பொருந்தும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்து இன்று வீடுகளில் செல்லப்பிராணியாக வளரும் சின்சில்லாவின் குடல் வறண்ட மலைப்புல்லுக்குப் பழகியது. உலர்ந்த புல்லும் சுத்தமான தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். ஆசையாகக் கொடுக்கும் உலர்திராட்சையும் முந்திரியும் அதன் வயிற்றைக் கெடுக்கும். தின்றதை வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. மருந்தடிக்காத ரோஜாவின் காய்ந்த இதழ் ஒன்று எப்போதாவது போதும்.

இதற்காகச் சடங்கைக் கைவிட வேண்டியதில்லை. பொங்கலன்று வாழையிலையில் ஒரு கைப்பிடி பிரசாதம் வைத்துவிட்டு, பசும்புல்லும் வைக்கோலும் வயிறு நிறையக் கொடுக்கலாம். மீதிப் பொங்கல் வீட்டுப் பிள்ளைகளுக்கு.