அத்வைதமும் கூலிக் கணக்கும்

எல்லா உயிரிலும் இருப்பது ஒரே ஆன்மா என்றால் முதலாளி யார், கூலியாள் யார்? வேதாந்த வகுப்புகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும், அது பரமார்த்தம் (இறுதி உண்மை), இது வியவகாரம் (அன்றாட நடப்பு) என்று இரண்டு பெட்டிகளில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். வசதியான பூட்டு.

வட கேரளத்தில் ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். கண்ணூர் பக்கத்துப் பாட்யத்தில் 1885-இல் பிறந்த வாக்படானந்தர் அத்வைதத்தில் ஊறியவர். சிலை வழிபாட்டையும் சாதியையும் சேர்த்தே மறுத்தவர். 1917-இல் ஆத்மவித்யா சங்கத்தைத் தொடங்கினார். வடகரைக்கு அருகிலுள்ள காரக்காட்டு இளைஞர்கள் அவர் பேச்சைக் கேட்டு, சாதி பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பலன் உடனே கிடைத்தது: மேல்சாதி நிலக்காரர்கள் வேலை தர மறுத்தார்கள்.

பட்டினி கிடப்பவனிடம் ஆன்மாவைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? 1925-இல் அவர்களில் 14 பேர் சேர்ந்து ஊராளுங்கல்லில் கூலி வேலைக்காரர்களின் பரஸ்பர உதவிச் சங்கம் தொடங்கினார்கள். மூலதனம் அணாக் கணக்குதான். வேலை கொடுக்க ஆளில்லை என்றால் வேலையைத் தாங்களே ஒப்பந்தம் எடுப்பது என்பது முடிவு. அந்தச் சங்கம் இன்று பாலமும் நெடுஞ்சாலையும் கட்டுகிறது. கோழிக்கோட்டில் ஐடி பூங்கா நடத்துகிறது.

இயக்குநர் குழுவை உறுப்பினர்களான தொழிலாளர்கள் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. இயக்குநர்கள் பகலில் சைட்டுகளைச் சுற்றிவிட்டு, மாலையில் ஒன்றுகூடி அன்றைய வேலையை அலசுகிறார்கள். படிநிலையே கிடையாது என்று சொன்னால் அது பொய். சைட் லீடர் உண்டு. அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். மேஸ்திரி இல்லாமல் எந்தப் பாலமும் எழாது. ஆனால் அங்கே மேஸ்திரிக்கு மேலே இருப்பவர்களை அமர்த்துவதும் இறக்குவதும் கம்பி கட்டுபவரின் ஓட்டு.

காந்தி வேறு வழி சொன்னார். ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரத்தைப் பற்றிக்கொண்டு, செல்வம் கடவுளுடையது, முதலாளி அதற்குத் தர்மகர்த்தா மட்டுமே என்றார். உயர்ந்த எண்ணம்தான். ஆனால் தர்மகர்த்தா தர்மம் தவறினால்? ஒத்துழைக்க மறுக்கலாம், அவரை மாற்ற முடியாது. நம்மூர்க் கோயில் தர்மகர்த்தாக்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலும் ஒரு சமயவாதிதான் தொடக்கம். கத்தோலிக்கப் பாதிரியார் அரிஸ்மெந்தியாரியேத்தாவிடம் படித்த ஐந்து பேர் 1956-இல் தொடங்கிய தொழிலகம், மொந்த்ராகோன் என்ற பெரும் கூட்டுறவுக் குழுமமாக வளர்ந்தது. இறையியல் வேறு, வந்து சேர்ந்த இடம் அதே ஆளுக்கு ஒரு ஓட்டு.

இரண்டும் இடறுவதும் ஒரே இடத்தில். மொந்த்ராகோனின் வெளிநாட்டு ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதன் உடைமையாளர்கள் அல்ல. ஊராளுங்கல் சங்கத்தின் சைட்டுகளிலும் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் கல் சுமக்கிறார்கள். கூலி உண்டு. ஓட்டு இல்லை.