ஜெயித்தவனுக்கு என்ன குறை?

'ஜெயிச்சவனுக்கு என்னய்யா கொறச்சல்?'

குதிரைப் பந்தய உலகத்தில் ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டால் எழுகிற கேள்வி இது. அனுதாபம் மாதிரித் தெரியும். உள்ளே பார்த்தால் இது ஒரு தீர்ப்பு. செத்தவன்மேல் குற்றத்தைச் சுமத்திவிட்டுக் கேட்கிறவன் எழுந்து போய்விடுகிறான்.

பந்தயம் பணக்காரன் சமாச்சாரம், அதில் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். குதிரைக்குச் சொந்தக்காரன் வேறு. அதன் முதுகில் உட்கார்ந்து எலும்பை முறித்துக்கொள்கிறவன் வேறு. விடியுமுன் எழுந்து லாயத்தில் லத்தி அள்ளித் தண்ணி காட்டுகிறவர்கள் வேறு. மனசு உடைந்துபோனவரைப் பற்றி ஒரு சொல்லைச் சொல்லி, அந்தச் சொல்லாலேயே அவரைத் தள்ளி வைக்கிற வேலை அங்கே நடக்கிறது. தள்ளி வைப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே கேட்போம்: அந்தச் சொல் யாருக்கு உதவுகிறது?

இங்கிலாந்தில் ஃபிரெட் ஆர்ச்சர் என்று ஒரு ஜாக்கி. 1857இல் பிறந்தவர். பதினோரு வயதில் நியூமார்க்கெட் ஊரில் மாத்யூ டாசன் என்ற பயிற்சியாளரின் லாயத்துக்குத் தொழில் பழக அனுப்பப்பட்டார். 1874 முதல் 1886 வரை பதின்மூன்று வருஷம் தொடர்ந்து அந்த நாட்டிலேயே அதிகப் பந்தயங்களை ஜெயித்தவர் அவர்தான். டெர்பி பந்தயத்தை மட்டும் ஐந்து தடவை ஜெயித்தார். மொத்தம் 2,748 வெற்றிகள். ஆனால் ஆள் ஏறக்குறைய ஐந்தடி பத்தங்குல உயரம். பந்தயத்தில் ஜாக்கியை முதலில் தராசில் ஏற்றுகிறார்கள். ஓட்டம் முடிந்ததும் மறுபடி ஏற்றுகிறார்கள். அந்தத் தராசுக்காக ஆர்ச்சர் பட்டினி கிடந்தார், பேதி மருந்து குடித்தார், ஆவிக்குளியலில் உட்கார்ந்து உடம்புத் தண்ணீரை வடித்தார். இன்றைக்கும் எடையைக் குறைக்க ஜாக்கிகள் பட்டினி கிடக்கிறார்கள், வேர்வையாக உடம்பை வடிக்கிறார்கள்.

1883இல் அவருக்குக் கல்யாணம். 1884 ஜனவரியில் முதல் பிள்ளை பிறந்ததும் இறந்துபோனது. அதே வருஷம் நவம்பரில் மகள் பிறந்தாள். பிரசவத்தில் மனைவி போய்விட்டார். அடுத்த வருஷம், 1885இல், ஆர்ச்சர் ஜெயித்த பந்தயங்கள் 246. ஒரே வருஷத்தில் அத்தனை வெற்றி அதுவரை யாரும் கண்டதில்லை. 1933 வரை அதை யாராலும் முறியடிக்கவும் முடியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மனைவியைப் பறிகொடுத்தவனின் துக்க வருஷம், பந்தய வரலாற்றில் சாதனை வருஷமாகப் பதிவாகியிருக்கிறது. அவர் சவாரி செய்த குதிரைகளின் சொந்தக்காரர்களுக்கும் பந்தயம் கட்டியவர்களுக்கும் அந்த வருஷம் ஒரு குறையும் இல்லை. ஒருத்தன் ஜெயித்துக்கொண்டே இருக்கும்வரை அவன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்வது அவர்களுக்கு லாபம். 'ஜெயிச்சவனுக்கு என்ன கொறச்சல்' என்ற கேள்வி இந்த லாபத்திலிருந்துதான் பிறக்கிறது.

1886 அக்டோபரில் ஒரு பெரிய பந்தயத்துக்காக எடையைச் சுமார் 54 கிலோவுக்குக் கொண்டுவந்தார். ஒரு தலை அளவில் தோற்றார். சில நாட்களில் விஷக்காய்ச்சல் வந்து படுக்கையில் விழுந்தார். மனைவி இறந்து இரண்டு வருஷம் நிறைந்த அந்த நவம்பரில், 29 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

விசாரணையில் வந்த தீர்ப்பு: தற்காலிகப் பைத்தியம்.

இந்தத் தீர்ப்பில் ஒரு கருணை இருந்தது, மறுக்க முடியாது. இங்கிலாந்தில் தற்கொலை அப்போது குற்றம். 1823 வரைக்கும் சுயபுத்தியோடு தற்கொலை செய்தவர் என்று தீர்ப்பானவரை நாற்சந்தியில் புதைக்கலாம். 1870 வரைக்கும் அவர் சொத்து பறிமுதல். அதனால் செத்தவனுடைய குடும்பத்தைக் காப்பாற்ற 'புத்தி பேதலித்த நேரத்தில் செய்துவிட்டான்' என்று எழுதுவது வழக்கமாகிப்போனது. முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கிற சட்டத்தை இங்கிலாந்து 1961இல்தான் நீக்கியது, அயர்லாந்து 1993இல். இதே சட்டத்தை 1860இல் வெள்ளைக்காரன் இங்கேயும் கொண்டுவந்தான். 2017இல் வந்த மனநலச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்க முயல்வதை மட்டும் தண்டிக்கிறது.

சட்டம் போயிற்று, சொல் போகவில்லை. செத்தவனை மன்னிக்கப் பயன்பட்ட அதே சொல்தான் உயிரோடிருக்கிறவன் வாயை அடைக்கிறது. 'பைத்தியம்' என்று எழுதியதும் கேள்விகள் எல்லாம் அவன் தலைக்குள் போய் ஒடுங்கிவிடுகின்றன. அவனை யார் பட்டினி போட்டது, துக்கத்தில் கிடந்தவனை யார் குதிரை ஏற்றினார்கள் என்று கேட்க யாருமில்லை. அவனுக்குப் பின்னால் வருகிற ஜாக்கியோ ராத்திரியில் தூக்கம் வராவிட்டாலும் சொல்ல மாட்டான். சொன்னால் 'அவன் தலை சரியில்ல, வேற ஆளப் போடு' என்பார்கள். ஜாக்கிகளில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. ஏறுகிற ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனிக் கூலி. குதிரை கிடைக்காவிட்டால் கூலியும் கிடையாது.

அயர்லாந்தில் 84 ஜாக்கிகளிடம் சமீப வருஷங்களில் ஓர் ஆய்வு நடந்தது. மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம் போன்றவற்றில் ஏதாவது ஒன்றின் அறிகுறிகள் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு இருந்தன. உதவி கேட்கத் தடையாக நிற்பது 'மத்தவங்க என்ன நெனப்பாங்க' என்ற பயம் என்பதும் அங்குள்ள ஜாக்கிகளிடம் பேசியதில் தெரிந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தால் தழும்பைச் சட்டை கழற்றிக் காட்டலாம், அது வீரம். மனசு முறிந்தால் அது கோழைத்தனம். ஒரே உடம்புக்கு இரண்டு நியாயம்.

ரிச்சர்ட் வூலகாட் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் குதிரைப் பயிற்சியாளர். 2017 டிசம்பரில் அவருடைய குதிரை ஒரு பெரிய பந்தயத்தை ஜெயித்தது. அடுத்த மாதம், 40 வயதில், அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் மனைவி கேய்லி எதையும் மூடி மறைக்கவில்லை. கணவருக்கு இருந்தது மனநோய் என்று வெளிப்படையாகப் பேசினார். லாயத்தைத் தன் பேரில் நடத்தினார். அந்த ஏப்ரலிலேயே அவர் பயிற்றுவித்த குதிரை ஏயின்ட்ரீயில் முதல்தரப் பந்தயம் ஒன்றை ஜெயித்தது.

இங்கே இரண்டு விஷயம். ஒன்று, அவர் சொன்ன 'நோய்' என்ற சொல்லும் 1886இல் எழுதப்பட்ட 'பைத்தியம்' என்ற சொல்லும் ஒன்றல்ல. முன்னது அடுத்தவனை வைத்தியரிடம் போகச் சொல்கிறது. பின்னது கோப்பை மூடுகிறது. எல்லாச் சாவுக்கும் தொழில்தான் காரணம் என்று நாம் முழங்கினால், அதுவும் செத்தவரைச் சரியாகப் பார்ப்பதாகாது. நோய் நிஜம். அதற்கு மருந்தும் வேண்டும், துணையும் வேண்டும். ஆனால் நோய் என்று சொல்லிவிட்டதாலேயே தராசும் கூலியும் விசாரணையிலிருந்து தப்பிவிடக் கூடாது.

இன்னொன்று, துக்கமும் வேலையும். வீட்டில் சாவு விழுந்தாலும் விடிந்தால் குதிரைக்குத் தீனி வைத்தாக வேண்டும். அப்படி வேலைக்குத் திரும்புவது ஆறுதலா, அடக்குமுறையா? என் பதில் இது: நிறுத்த முடிகிறவர் தானாக நிறுத்தாமல் போனால் அது ஆறுதல். நிறுத்தினால் சோறு இல்லை என்பதால் நிறுத்தாமல் போனால் அது அடக்குமுறை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 'பாரு, எவ்வளவு தைரியமா நிக்கிறா' என்று புகழ்வதற்கு முன்னால், நிற்காமலிருக்க அவளுக்கு வழி இருந்ததா என்று கேட்க வேண்டும்.

ஆகவே, கூச்சத்தை விடு, மனசைத் திறந்து பேசு என்று ஜாக்கிக்கும் லாயக்காரருக்கும் உபதேசம் செய்தால் மட்டும் போதாது. பேசிய மறுநாள் அவருக்குக் குதிரை கிடைக்குமா? துக்கத்துக்குக் கூலியோடு விடுப்பு உண்டா? பட்டினி கிடக்காமல் ஏறுகிற மாதிரி எடை விதியைத் திருத்துவார்களா? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் குதிரைக்காரர்கள் இல்லை, சொந்தக்காரர்களும் பந்தயத்தை நடத்துகிறவர்களும்.

புகழ்ச்சி ஆளைக் கொல்லும் என்பது பந்தய மைதானத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 'வீரன்' என்பதற்குப் பதிலாக நம் அமைப்புகளில் 'போராளி' என்கிறோம். நாலு நாளாகத் தூங்காத தோழரிடம் 'இயக்கத்துக்காரன் சோர்ந்து போகலாமா?' என்று தோளைத் தட்டுகிறோம். அந்தத் தோழருக்கு அன்று கூட்டம் வேண்டாம். பக்கத்தில் ஒருத்தர் உட்கார வேண்டும். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வீண்பயம். கேட்டுவிட்டு, மறுநாள் வைத்தியரிடம் கூடவே போக வேண்டும்.