பட்டம் இல்லாத வானியலாளர்

பேட்ரிக் மூர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. ஆனால் 11 வயதிலேயே பிரிட்டிஷ் வானியல் சங்கத்தில் உறுப்பினர். 1957 ஏப்ரலில், ஸ்புட்னிக் பறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, பிபிசியில் 'தி ஸ்கை அட் நைட்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். 2012இல் இறக்கும்வரை மாதாமாதம் அவரே நடத்தினார். நடுவில் ஒரே ஒரு முறைதான் வரவில்லை. 2004இல் உணவு நஞ்சாகிப் படுத்துவிட்டார்!

ஒற்றைக்கண் கண்ணாடி, மூச்சுவிடாத பேச்சு. இங்கிலாந்தின் செல்ஸி (Selsey) ஊரில் அவர் வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கிகள்; மேசையில் 1908ஆம் ஆண்டுத் தட்டச்சுப்பொறி. வானியல் நூல்களோடு, சிறுவர்களுக்கான விண்வெளிக் கதைகளையும் அதில்தான் தட்டித் தள்ளினார். கதைகள் இலக்கியமா என்று கேட்டால் தயங்குவேன். நிலா விஷயத்தில் தயக்கமே இல்லை. அதன் விளிம்பு லேசாக அசைந்து, மறைபகுதியில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அந்த ஓரங்களை இரவிரவாகப் பார்த்து வரைந்துவைத்திருந்தார். 1959இல் சோவியத் விண்கலம் லூனா 3 நிலாவின் மறுபக்கத்தைப் படம் பிடித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க சோவியத் அறிஞர்கள் எடுத்துக்கொண்டவற்றில் இந்த அமெச்சூர் வரைபடங்களும் உண்டு.