யூகம் சாட்சியாகுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு நிக்காஹ் வைபவத்திற்காக மல்லாங்கிணறு சென்றிருந்தோம். லுஹருக்கு இன்னும் நேரமிருந்தது. வெயிலுக்கு ஒதுங்கித் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்தோம். மழை பொய்த்து மானாவாரி நிலமெல்லாம் காய்ந்து கிடந்த நேரம் அது. வேலைக்குத்தான் பஞ்சமே தவிரப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. எங்கோ ஒரு வீட்டில் தாயும் பிள்ளைகளும் பிணமாகக் கிடந்தார்கள், கணவன் மட்டும் உயிரோடிருக்கிறான் என்பது அன்றைய தொலைக்காட்சிச் செய்தி.

"புருஷன்காரன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லியே, பாத்தீங்களா?" என்றார் ஒருவர். "நேத்து அழுதானே, அதுவும் நடிப்புத்தான்" என்றார் மற்றவர். அழாததும் குற்றம்; அழுததும் குற்றம்! பிறகு எல்லோரும் நம் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்க ஹஜ்ரத், அவனைத் தவிர வேற ஆரு செஞ்சிருப்பா?"

நாம் வாய் திறக்கவில்லை. ஆனால் தலையை மட்டும் மெல்ல அசைத்து வைத்தோம்.

ஓரத்தில் துண்டைத் தலையில் போட்டு அமர்ந்திருந்த ஒரு முதியவர் அப்போது கேட்டார்: "அந்தப் பிள்ளை உசுரோட இருக்கையில, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டவுக ஆராச்சும் உண்டா?" யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சு அத்துடன் கலைந்தது.

ஐந்தாறு நாட்கள் கழித்து, நம்மை அழைத்திருந்த வீட்டார் தொலைபேசியில் கேட்டார்கள்: "புருஷன்தான் கொன்னான்னு ஹஜ்ரத்தே சொல்லிட்டாங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்களே, உண்மையா?" நம் தலையசைப்பு ஒரு வாரத்திற்குள் ஃபத்வாவாகிவிட்டது! முகம் தெரியாத ஒரு மனிதரைக் கொலைகாரர் என்று நாம் தீர்ப்பளித்திருக்கிறோம். அந்த வெட்கத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

எண்ணம் குற்றமா?

மனித உள்ளத்தில் சந்தேகம் எழுவதை யாராலும் தடுக்க இயலாது. தம் உம்மத்தினரின் உள்ளத்தில் தோன்றும் எண்ணங்களை, அவர்கள் அதைப் பேசாமலும் செயல்படுத்தாமலும் இருக்கும்வரை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த நற்செய்தி. ஆகவே எண்ணம் உதிப்பதன்று, அதை நாவில் ஏற்றி ஊர்வலம் விடுவதே விசாரணைக்குரியது.

அதிகமான சந்தேகங்களை விட்டும் விலகிக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகின்றது. அவற்றுள் சில பாவமாகும் என்று அது எச்சரிக்கின்றது. எவை பாவம், எவை பாவமல்ல என்று நமக்குத் தெரியாதாகையால், பெரும்பகுதியை விட்டொதுங்குவதே பேணுதல். கேட்டதையெல்லாம் பிறரிடம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு கிளம்பிய நாட்களில் மதீனாவில் நடந்ததைப் பாருங்கள். சொல்லத் தூண்டும் காரணம் யாருக்கேனும் இருந்ததென்றால் அது அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்கே. நபிகளாரின் அன்பில் ஆயிஷா நாயகிக்கு நிகராகப் போட்டியிடக்கூடியவர் அவர். அவருடைய உடன்பிறந்த சகோதரி ஹம்னாவே அப்பேச்சில் சிக்கிக்கொண்டார். ஆயினும் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, காணாததையும் கேளாததையும் சொல்வதிலிருந்து தம் கண்ணையும் காதையும் காத்துக்கொள்வதாகவும், நன்மையன்றி வேறெதையும் தாம் அறியவில்லை என்றுமே ஜைனப் நாயகி கூறினார்கள். அவர்களுடைய பேணுதலே அவர்களைக் காத்தது என்று ஆயிஷா நாயகியே பின்னர் நன்றியுடன் நினைவு கூர்ந்தார்கள்.

கைபரில் சிந்திய இரத்தம்

'அது அவதூறு; இதுவோ கொலை. இரத்தம் சிந்தியிருக்கும்போது வாய்மூடி இருப்பதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கும் நபிவழியில் விடையுண்டு.

அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) என்ற தோழர் கைபரில் கொலையுண்டு கிடந்தார். உறவினர்கள் அங்கு வாழ்ந்த யூதர்கள்மீது சந்தேகம் கொண்டு நபியவர்களிடம் முறையிட்டார்கள். சந்தேகத்திற்கு இடமில்லாமலும் இல்லை. ஆயினும் நபியவர்கள் அவர்களிடம் சான்றை எதிர்பார்த்தார்கள். 50 சத்தியங்கள் செய்து உரிமை கோருவீர்களா என்று கேட்டார்கள். அவர்களோ, நாங்கள் கண்ணால் காணாதபோது எப்படிச் சத்தியம் செய்வோம் என்று கூறிவிட்டார்கள். கொலையுண்டவரின் சொந்த இரத்தம் அவர்கள்! துக்கம் நெஞ்சை அடைக்கும் வேளையிலும் காணாததைக் கண்டதாகச் சொல்ல அவர்களுடைய நா எழவில்லை. எதிர்த் தரப்பினர் செய்யும் சத்தியத்தையும் அவர்கள் ஏற்க விரும்பவில்லை.

முடிவு என்ன? சந்தேகத்தின் பேரில் எவரும் தண்டிக்கப்படவில்லை. அதே வேளை, ஒரு முஸ்லிமின் இரத்தம் வீணாகிப் போவதையும் நபியவர்கள் விரும்பவில்லை. 100 ஒட்டகங்களைத் தாமே நஷ்டஈடாகக் கொடுத்தார்கள். 'கஸாமா' எனப்படும் இச்சட்டத்தின் விவரங்களில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் இதன் உயிர்நாடி ஒன்றே: இறந்தவரின் உரிமையைக் கைவிடவும் கூடாது; அவ்வுரிமையின் பெயரால் யூகத்தைச் சாட்சியாக்கவும் கூடாது.

மூன்று வழக்குகள்

உலகில் நடந்த மூன்று வழக்குகளை எடுத்துக்கொள்வோம்.

இலண்டனில் 1949ஆம் ஆண்டு டிமோதி எவன்ஸ் என்பவரின் மனைவியும் 13 மாதக் குழந்தையும் கொலையுண்டார்கள். எவன்ஸ் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினார். கணவன்தான் கொன்றான் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பாகி, 1950 மார்ச் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர், அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. 1953இல் அந்தக் கிறிஸ்டியின் குடியிருப்பில் பெண்களின் பிணங்கள் வெளிப்பட்டன. எவன்ஸின் மனைவியைத் தாமே கொன்றதாக அவர் ஒப்புக்கொண்டார். 1966இல் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. மண்ணுக்குள் இருந்தவருக்கு அந்த மன்னிப்பால் என்ன பயன்?

2008ஆம் ஆண்டு மே 16 அன்று நொய்டாவில் ஆருஷி என்ற சிறுமி கொலையுண்டு கிடந்தாள். வீட்டில் காணப்படாத பணியாளர் ஹேமராஜே கொலைகாரர் என்று முதலில் சொல்லப்பட்டது. மறுநாள் அதே வீட்டின் மொட்டை மாடியில் அவருடைய பிணம் கிடைத்தது. கொலையுண்டவரையே கொலைகாரர் என்று ஒருநாள் முழுதும் தேசம் பேசிற்று! அடுத்து அம்பு தந்தையின் பக்கம் திரும்பியது. இறந்த சிறுமியின் நடத்தையைப் பற்றியெல்லாம் கூசாமல் பேசினார்கள். 2010இல் மத்தியப் புலனாய்வுத் துறை போதிய ஆதாரமில்லை என்று வழக்கை முடிக்கக் கோரியது. 2013இல் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இத்தனைக்கும் பிறகும், உண்மை தமக்குத் தெரியும் என்று சொல்பவர்கள் மட்டும் குறையவில்லை.

மூன்றாவது, நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் நடந்தது. 2020 மார்ச்சில் உத்ரா என்ற இளம்பெண்ணை விரியன் தீண்டியது. பிழைத்து, பிறந்த வீட்டில் சிகிச்சையில் இருந்தவரை மே மாதத்தில் நல்லபாம்பு தீண்டியது, இறந்தார். பெற்றோருக்குக் கணவன்மீது சந்தேகம் எழுந்தது. அவர்கள் அதைச் சந்தியில் நின்று கூவாமல் காவல் துறையிடம் புகாராகக் கொடுத்தார்கள். பாம்பு கொடுத்தவரின் வாக்குமூலம் கிடைத்தது. பொம்மையொன்றைப் பாம்பு தீண்டச்செய்து பல் தடங்களின் இடைவெளியை அளந்து சோதித்தார்கள். 2021 அக்டோபரில் கணவன் குற்றவாளி என்று தீர்ப்பாகி இரட்டை ஆயுள் தண்டனை வழங்கப்பட்டது.

ஒருவர் குற்றமற்றிருந்தும் தூக்கிலேறினார்; ஒரு தம்பதியர் சிறை சென்று விடுதலையானார்கள்; ஒருவன் உண்மையிலேயே குற்றவாளியாயிருந்தான். ஆனால் வெளியில் நின்று பேசியவர்களின் உறுதி மூன்றிலும் ஒரே அளவில்தான் இருந்தது. எனில், அந்த உறுதிக்கும் உண்மைக்கும் என்ன சம்பந்தம்?

'கடைசியில் நாங்கள் சொன்னதுதானே நடந்தது!' என்று சிலர் பெருமைப்படுவார்கள். இருட்டில் எறிந்த கல் நரிமேல் பட்டுவிட்டால் எறிந்தவன் குறி பார்த்தவன் ஆகமாட்டான். அதே கல் பக்கத்து வீட்டுப் பிள்ளைமேல் பட்டிருக்கவும் கூடும். யூகம் பலித்தாலும், அறியாததைப் பேசியதற்கான கேள்வி நீங்குவதில்லை. செவி, பார்வை, உள்ளம் ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று ஸூரத்துல் இஸ்ரா எச்சரிக்கவில்லையா?

பேச வேண்டிய நேரம்

இப்போது அந்த முதியவரின் கேள்விக்கு வருவோம். இதைப் படித்துவிட்டு, 'அடுத்தவர் வீட்டு விஷயம் நமக்கெதற்கு?' என்று ஒதுங்குவோமாயின் அதுவும் பெரும் பிழை. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குரியது என்று ஸூரத்துல் பகரா கூறுகின்றது. யூகிப்பவனுக்கு எந்த வேதம் வாயை மூடச் சொல்கின்றதோ, அதே வேதம் அறிந்தவனுக்கு வாயைத் திற என்கின்றது.

நம் சமூகத்தில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. அறிந்தவர்கள் மௌனம் சாதிக்கிறார்கள், அறியாதவர்கள் தீர்ப்பளிக்கிறார்கள். இரவில் சுவருக்கு அப்பால் அலறல் கேட்டது. "புருஷன் பொண்டாட்டிச் சண்டை" என்று போர்வையை இழுத்துக்கொண்டோம். கன்னம் வீங்கிய பெண் பிறந்த வீட்டுக்கு வந்தாள். "பொறுத்துப் போ" என்று திருப்பி அனுப்பினோம். ஜமாஅத்தில் முறையிட்டாள், இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கிக் கோப்பை மூடினோம். அவள் ஜனாஸாவான பிறகு, எங்கிருந்து வந்தது நமக்கு இத்தனை துணிச்சல்?

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்ட பெண்தான் சொல்ல வேண்டுமென்பதில்லை; வன்முறை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்கில்லை. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையமும் இருக்கின்றது. அநீதி செய்பவனின் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்ற நபிமொழியை வேறு எந்த நேரத்திற்காக வைத்திருக்கின்றோம்?

ஆகவே அன்புச் சகோதரர்களே! இனி இத்தகைய செய்தி நம் காதில் விழும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: 'நான் கண்டேனா? கேட்டேனா?' ஆம் எனில், கடைத்திண்ணையை விட்டெழுந்து காவல் நிலையத்திற்கோ நீதிமன்றத்திற்கோ செல்வோம். இல்லையெனில், இறந்தவர்களுக்காக இரங்கி, உண்மை வெளிவர துஆ செய்து, தலையைக்கூட அசைக்காமல் இருப்போம். பிறகு நம் தெருவுக்குத் திரும்பி, அங்கே உயிரோடிருக்கும் ஒரு பெண்ணிடம், "நலமாக இருக்கிறாயா, மகளே?" என்று கேட்போம்.

அறியாததைப் பேசிய நம் நாவுகளையும், அறிந்தும் பேசாத நம் மௌனங்களையும் வல்ல நாயன் மன்னித்தருள்வானாக! ஆமீன்.