காணப்படாத இடத்துத் தொழில்

செய்தொழிலிற் குற்றம் என்பது அதனால் விளையுந் தீங்கினாலே உண்டாவதோ, அன்றித் தீங்கு விளையாவிடினும் செய்த பொழுதே உண்டாவதோ என்பது ஒழுக்கநெறி ஆராய்வார் நெடுங்காலமாக எண்ணிவரும் வினாவாகும். இதனை வெறுஞ் சொல்லளவில் ஆராயப் புகின் இருபக்கத்தும் வாதம் வளருமேயன்றி முடிவு தோன்றாது. ஆதலின், மனித உயிர் நேரே பற்றிநிற்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு ஆராய்வாம். அது பழைய பாய்க்கப்பலின் கயிறுகளைப் பேணிச் செப்பனிடுந் தொழிலாம்.

பாய்க்கப்பலின் கயிறுகள் இருவகைப்படும். பாய்மரத்தை முன்னும் பின்னும் இருமருங்கும் இழுத்துப் பிடித்து அசையாது நிற்பன ஒருவகை. பாயை ஏற்றவும் இறக்கவும் காற்றுக்கேற்பத் திருப்பவும் கப்பிகளினூடே ஓடுவன மற்றொருவகை. ஓடுங் கயிறு உராய்ந்து தேய்தலை யாவருங் காண்பர். அறிவுடைய மாலுமி அதனைக் காலந்தோறும் தலைமாற்றிக் கட்டி, ஓரிடமே தேயாவண்ணங் காப்பான். நிற்குங் கயிற்றின் நிலை வேறு. முற்காலத்து மேனாட்டுக் கப்பல்களில் அது கீல் ஊட்டிய சணல்வடமாயிருந்தது. உராய்வும் ஈரமும் படும் இடங்களில், புரிகளுக்கிடையேயுள்ள பள்ளங்களை மெல்லிய கயிற்றால் நிரப்பி, அதன்மேற் கீல் தோய்ந்த துணியை முறுக்கின் வழியே வரிந்து, அதற்கும் மேலே சிறுகயிற்றை முறுக்கிற்கு எதிராக நெருங்கச் சுற்றி இறுக்குவர். நீர் புகாமைப்பொருட்டே இவ்வாறு செய்தனர். ஆயினும், ஒருமுறை நீர் புகுந்துவிடின், காக்க இட்ட உறையே அந்நீரை வெளியேறவொட்டாது தடுத்துவிடும். வடம் உள்ளிருந்தே இற்றுப்போம். புறத்தே கீலின் கருமையும் மினுக்கமுஞ் சிறிதுங் குறையா.

ஆகவே செப்பனிடுவான் உறையை அவிழ்த்து, கூர்முளையாற் புரிகளைத் திறந்து, உள்ளிழையின் நிறத்தையும் மணத்தையும் உறுதியையும் பார்த்தல் வேண்டும். இழை பொடியாய் உதிருமாயின் அதனை நீக்குக. உறுதியாயிருப்பின் மீண்டும் மூடுக. பழையதெல்லாந் தீயதென்று எறிதலும், கரியதெல்லாம் நல்லதென்று விடுதலும் பாராமையின்பாற்பட்ட இரு பிழைகளேயாம். அறுந்த கயிற்றை முடிச்சிட்டு இணைத்தல் எளிது. ஆனால் முடிச்சானது கயிற்றின் வலியில் ஏறக்குறையப் பாதியைப் போக்கவுங்கூடும். புரிகளை அவிழ்த்து ஒன்றினுள் ஒன்று நுழைத்துப் பின்னும் இணைப்போ அவ்வலியின் பெரும்பகுதியைக் காக்கும். சணற்கயிற்றில் மும்முறையேனும் நுழைத்தல் மரபு. இருமுறை நுழைத்து நிறுத்தி, மேலே சிறுகயிறு சுற்றிவிடின், காண்பார்க்கு வேறுபாடு தோன்றாது. இங்கேதான் நமது வினா பிறக்கின்றது.

ஒருவன் அங்ஙனம் இருமுறை மாத்திரம் நுழைத்து மூடிவிட்டான் என்று கொள்வோம். அக்கப்பல் பெரும்புயல் எதனையுஞ் சந்தியாது பல்லாண்டு ஓடிப் பின்னர் உடைக்கப்பட்டது. எவருக்குந் தீங்கு விளைந்திலது. அவன் குற்றமுடையனோ? விளைவில்லாதவிடத்துக் குற்றம் ஏது என்பாரும் உளர். அவர் ஒன்றை மறந்தனர். இருளிலே அவ்வடத்தைப் பற்றி ஏறிய மாலுமி, ஏறுமுன் அதனை அவிழ்த்துப் பார்த்தல் இயலாது. அவன் செப்பனிட்டவனையே நம்பி ஏறினான். அந்நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு அதற்கீடானதைக் கொடாமையே குற்றம். அது வடம் அறுமுன்னரே நிகழ்ந்துவிட்டது. புயல் எழாமை காற்றின் செயல். அதனைத் தன் தொழிலின் நன்மையாகக் கணக்கிடுதல், கடன் கொடுத்தவன் இறந்தமையாற் கடன் தீர்ந்தது என்று மகிழ்தலை ஒக்கும். முழுதுஞ் செய்தவனது வடம் பெரும்புயலில் அறுந்ததாயின், அவன் வருந்துவான், குற்றவாளியாகான்.

மேற்பார்வை செவ்வனே அமைந்தால் இவ்விடர் தீரும் என்பர் சிலர். பிரித்தானிய அரசாங்கக் கப்பற்றுறைகளில் முற்காலத்தே களவை அறியும்பொருட்டுக் கயிற்றினுள் எதிர்முறுக்குடைய ஓர் இழையை வைத்து முறுக்கினர். பின்னர், 19ஆம் நூற்றாண்டிலே, துறைக்கொரு நிறமாகக் கம்பளி நூலொன்றை உள்ளே வைத்தனர். பழுதுற்ற கயிறு எத்துறையிற் செய்யப்பட்டதென்று அந்நிறங்கொண்டு அறியலாகும். ஏற்பாடு நன்றே. ஆயினும் பழுது வெளிப்பட்ட பின்னரே அந்நூல் சாட்சி சொல்லத் தொடங்கும். அப்பொழுதும் துறையைக் காட்டுமேயன்றிக் கையைக் காட்டாது.

பொருளை மாற்றினால் இக்கடமை நீங்குமோ எனின், நீங்காது. 1935இல் ஆக்கப்பட்ட நைலோனும் அதன்பின் வந்த செயற்கை நார்களும் சணல்போல் இற்றுப்போகா. ஆனால் வெயில் அவற்றை மெலிவிக்கும். துருவேறா உருக்குக் கம்பிவடமோ புறத்தே ஒளிவிட்டுக்கொண்டிருக்க, அதன் முனை குழலினுட் செருகப்பட்ட இடத்தில் அரிப்புண்டு, முன்னறிகுறியின்றி அறுதலும் உண்டு. பொருள் மாறுந்தோறும் பழுது ஒளிக்கும் இடமும் மாறுகின்றது.

1930இல் நமது வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு கடல் பல கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறைமுகத்தை அடைந்தது. இத்தகைய நெடும்பயணத்திலே, அறுந்த கயிற்றைப் பின்னுபவனும் அதனை நம்பி ஏறுபவனும் ஒருவனே. ஆங்கு நேர்மைக்குத் தனிச்சோதனை வேண்டா. செய்பவன் ஒருவனும் நம்புபவன் மற்றொருவனுமாகப் பிரியுமிடத்தேதான் அது சோதிக்கப்படுகின்றது.

ஆசிரியர் தொழில் அங்ஙனம் பிரிந்துநிற்குந் தொழில்களுள் ஒன்று. பின்னக் கணக்கின் பொருள் விளங்காத பிள்ளைக்கு விடையை மனனஞ் செய்வித்துப் பரீட்சையிற் சித்தியடையச் செய்தல், இற்ற வடத்தின்மேற் புதுக்கீல் பூசுதலாம். அப்பழுது பல்லாண்டு கழித்து, வேறோர் ஆசிரியர் வகுப்பில், அட்சரகணிதம் தொடங்கும் நாளிலே வெளிப்படும். யார் கையாற் போந்ததென்று காட்டும் நிறநூல் அங்கே இராது. பிள்ளையோ தன் அறிவே குறைந்ததென்று எண்ணி ஒதுங்கும். ஆதலின் அன்பர்காள், விரைந்து விடைசொல்லும் பிள்ளையையும் ஒருகால் நிறுத்தி, அவ்விடை எவ்வாறு வந்ததென்று வினாவுமின். உள்ளிழை உறுதியாயின் மேற்செல்லலாம். அன்றெனின், பாடம் ஒருவாரம் பின்தங்கினும், அவ்விடத்தை அவிழ்த்து மீளப் பின்னுதலே நங்கடன்.