யார் குரல்?

மதுரையில் எந்த டீக்கடையிலாவது டி.எம்.சௌந்தரராஜன் பேச்சை எடுத்துப் பாருங்கள். 'எங்க ஊர்க்காரருல்ல!' என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். சரிங்க, அவர் சினிமாவில் முதன்முதலாகப் பாடியது எந்தப் படத்தில்? இங்கேதான் கொஞ்சம் முழிப்பார்கள். 1950-ல் வந்த 'கிருஷ்ண விஜயம்'.

கிடைத்தால் அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எம்.கே.தியாகராஜ பாகவதர்தான் பாடுகிறார் என்று பந்தயமே கட்டுவீர்கள். அந்தக் குழைவு, அந்த இழுப்பு எல்லாமே பாகவதர். இத்தனைக்கும் படத்தின் டைரக்டர் சுந்தர்ராவ் நட்கர்ணி, பாகவதரை வைத்து 'ஹரிதாஸ்' எடுத்தவர். அசல் எது என்று தெரியாதவரல்ல.

அடுத்தவர் குரலில் பாடுவது திருட்டா?

நான் பி.காம். படித்தவன். எனக்குக் கணக்குப் பாஷையில்தான் யோசிக்க வரும். திருட்டு கணக்கில் ஏறாது. கடன் என்றால் கொடுத்தவர் பெயர் பேரேட்டில் இருக்கும். பாகவதர் பாணியில் ஆரம்பித்ததை டி.எம்.எஸ். ஒளித்தவரல்ல. ஆக, கடன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவர்தான் நமக்கெல்லாம் தமிழ் உச்சரிப்புக்கு உதாரணம். வாங்கியதைச் சொந்தமாக்கிக்கொள்ளத் தெரிந்த மனுஷன். 1954-ல் 'தூக்குத்தூக்கி'யில் சிவாஜிக்கும் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் பாடினாரே, அப்போது கடன் அடைந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. அவருக்குக் கிடைத்த தவணை எல்லோருக்கும் கிடைக்கிறதா?

2013-ல் டி.எம்.எஸ். மறைந்த பிறகும் எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் அவர் குரல் ஓயவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் கொடை. ஆர்க்கெஸ்ட்ராவில் ஒருத்தர் டி.எம்.எஸ். குரலில் பின்னி எடுத்தார். 'அச்சு அசல்யா!' என்று விசில். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தினார்கள். நடுராத்திரிக்கு மேல் மைக்கில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: 'அடுத்து நானே மெட்டுப் போட்ட பாட்டுண்ணே. என் குரல்லயே பாடுறேன்.'

கூட்டம் எழுந்தது. 'டி.எம்.எஸ். பாட்டைப் போடுப்பா!' என்று ஒரு சத்தம். 'பாகவதர் மாதிரியே பாடுய்யா' என்று அன்றைக்கு டி.எம்.எஸ்.ஸை நோக்கி இதே மாதிரி கத்தியிருந்தால்?

இதையெல்லாம் நான் அங்கேயே யோசித்திருக்கலாம். பந்தலுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர் மறுபடியும் டி.எம்.எஸ். ஆகியிருந்தார்.