யாருக்கான இனிப்பு?

ஸ்ரீமுஷ்ணம் பக்கம் எங்கள் கொல்லையில் கரும்பு வெட்டும்போது அப்பாவிடம் கேட்டேன்: "இந்த இனிப்பெல்லாம் யாருக்குப்பா?"

"நமக்குத்தான்."

கரும்பின் கணக்கு வேறு. வெயிலில் இலை சமைக்கிற சர்க்கரையில் அன்றாடச் செலவு போக மிச்சம் தண்டுக்கு இறங்குகிறது. நெல் அதை விதையில் மாவாக்கி வைக்கும். கரும்பு தண்டிலேயே சர்க்கரையாகச் சேர்க்கும். கரணையை மண்ணில் புதைத்தால், வேர் பிடிக்கும்வரை பருவுக்கு அதுதான் சோறு. பூத்துவிட்டால் சேமிப்பு மெல்லக் குறையும். அதற்குள் நாம் வெட்டிவிடுகிறோம்.

அப்போ இது திருட்டா?

அப்பா பதில் சொல்லவில்லை. நல்ல கழிகளாகப் பார்த்து விதைக்கரணைக்கு ஒதுக்கினார். ஆலைக்கு அனுப்பினால் காசு. "இது அதோட பங்கு" என்றார்.

எனக்கு உறுத்தல் தீரவில்லை. அந்தப் பங்கும் நம்முடைய அடுத்த வெட்டுக்குத்தானே? ஆனாலும், எடுப்பவன் மிச்சம் வைக்கக் கற்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.